சூடு தானாக ஆறட்டும்

சிங்கப்பூரில் வீட்டு அடுக்களையில் பியர் காய்ச்சும் வடசென்னைப் பிள்ளைகளுக்கு,

மீஞ்சூரிலிருந்து எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு இதுவே சொந்த ஊர். எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் என்று மற்றவர்களுக்கும் கும்மிடிப்பூண்டி ரயிலில் பார்த்துப் பழகிய ஊர்தான். என் அக்கா மகன் உங்கள் கூட்டத்தில் ஒருவன். நீங்கள் சேர்ந்து காய்ச்சுவது, ருசி பார்ப்பது, வாக்குவாதம் பண்ணுவது எல்லாம் போன் வழியே என் காதுக்கு வந்துவிடும்.

இப்போது உங்களுக்குள் இரண்டு கட்சியாமே. கொதித்து இறக்கிய வோர்ட்டை அரை மணி நேரத்துக்குள் செப்புச் சுருள் போட்டுக் குளிரவைத்தே தீர வேண்டும் என்கிறது ஒரு கட்சி. சுருளும் வேண்டாம், ஐஸும் வேண்டாம், சூட்டோடு கேனில் ஊற்றி இறுக்கி மூடி மறுநாள் வரை விட்டுவிட்டால் போதும் என்கிறது இன்னொன்று. மருமகன் இரண்டாவது கட்சி. "மாமா, நீங்கதான் வாழ்க்கை பூரா கூலிங் வாட்டரோட கிடந்தவரு, நீங்க சொல்லுங்க" என்றான். இந்தப் பக்கத்து ஆலை ஒன்றில் கண்டன்சரையும் பம்பையும் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவன் நான். பியர் குடிக்கிற வழக்கம் இல்லை. குடிக்காதீர்கள் என்று சொல்லவும் இதை எழுதவில்லை. சூட்டைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆறவிடலாம். ஆனால் அது சோம்பேறிக்கான வழி அல்ல. வேகமாகக் குளிரவைக்கிறவர் தண்ணீரைக் கொடுத்துப் பாதுகாப்பை வாங்குகிறார். மெதுவாக ஆறவிடுகிறவர் அதே பாதுகாப்பைச் சுத்தத்தாலும் கட்டுப்பாட்டாலும் வாங்க வேண்டும். விலை கொடுக்காமல் விடுகிறவருடைய பியர்தான் கெட்டுப்போகும்.

அவசரம் எதற்கு என்பதிலிருந்து தொடங்குவோம். மால்ட் என்கிற முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாறுதான் வோர்ட்; அது வெறும் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி. நீங்கள் போடும் ஈஸ்டுக்கு மட்டும் அது விருந்தல்ல. காற்றில் மிதக்கிற அத்தனை நுண்ணுயிருக்கும் விருந்து. ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் வளர்கிற நிலையில் இருந்தவை செத்துவிடும். அதன் பிறகு சாறு அறுபது டிகிரிக்குக் கீழே இறங்கியதும் வாசல் மறுபடி திறக்கிறது. திறந்த பாத்திரத்தில் நாற்பது, முப்பது டிகிரியில் மணிக்கணக்காகக் கிடந்தால் உங்கள் ஈஸ்ட் போய்ச் சேரும் முன்பே வேறு யாரோ பந்தியில் உட்கார்ந்துவிடுவார்கள். சீக்கிரம் குளிரவை, சீக்கிரம் ஈஸ்ட் போடு என்ற விதி அங்கிருந்து வந்தது. திறந்த பாத்திரத்துக்கு அது சரியான விதி.

நம்ம ஊர்ப் பனையேறிகளுக்கு இந்தப் பாடம் எப்போதோ தெரியும். பாளையிலிருந்து சொட்டுகிற இனிப்பு நீரை வெறும் கலயத்தில் பிடித்தால் விடிவதற்குள் கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அதுவே பதநீர். குளிரவைக்க வழியில்லாத இடத்தில் காரத்தன்மையைக் கூட்டி நுண்ணுயிரைத் தடுத்தார்கள். சாறைக் காப்பாற்றக் குளிர்ச்சி ஒன்றே வழி என்று யாரும் விதிக்கவில்லை. எது வாசலை அடைக்கிறதோ அதுதான் வழி.

ஐரோப்பாக்காரர்களும் தொடக்கத்திலிருந்தே சில்லர் வைத்துக்கொண்டு காய்ச்சியவர்கள் அல்லர். 1553-இல் பவேரியாவில் ஆல்பிரெக்ட் பிரபு ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பியர் காய்ச்சுவதற்குத் தடை போட்டார். கோடையில் காய்ச்சியது கெட்டுப்போனதுதான் காரணம். பிரஸ்ஸல்ஸில் 1900-இல் தொடங்கிய கான்டியோன் ஆலை இன்றும் வோர்ட்டைக் கூரைக்கடியில் அகலமான செப்புத் தொட்டியில் பரப்பி, இராக்காற்றில் ஆறவிடுகிறது. காற்றோடு வருகிற காட்டு ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்துதான் அங்கே லாம்பிக் என்கிற புளிப்பு பியரை உண்டாக்குகின்றன. அவர்கள் கூட குளிர்மாதங்களில் மட்டுமே காய்ச்சுகிறார்கள். சிங்கப்பூர் வீட்டில் சன்னலைத் திறந்துவைத்து அதே வேலையைச் செய்தால் கிடைப்பது லாம்பிக் ஆகாது. சிங்கப்பூரில் ஏப்ரலும் டிசம்பரும் ஏறக்குறைய ஒரே சூடுதான்.

1870-களில் ம்யூனிக்கின் ஸ்பாட்டன் பியர் ஆலையின் ஆதரவோடு கார்ல் வான் லிண்டே குளிரூட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். இன்று உலகம் முழுக்க ஃப்ரிட்ஜும் ஏசியும் ஓடுவதற்கான தொடக்க முயற்சிகளில் ஒன்றுக்குக் கோடையிலும் பியர் காய்ச்ச வேண்டும் என்ற ஆசைதான் காசு கொடுத்தது. அதற்கு முன்பு சென்னைக்குக் குளிர் கப்பலில் வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குளங்களில் வெட்டிய பனிக்கட்டியை ஃப்ரெடரிக் டியூடரின் கம்பெனி மரத்தூளில் பொதிந்து கடல் கடந்து கொண்டுவந்தது. மெரினா எதிரே அதை வைத்திருந்த கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். குளிர்ச்சி எந்தக் காலத்திலும் சும்மா கிடைத்ததில்லை. யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்துதான் ஆகவேண்டும்.

இனி உங்கள் அடுக்களைக் கணக்கு. இருபது லிட்டர் வோர்ட்டைக் கொதிநிலையிலிருந்து முப்பது டிகிரிக்கு இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியேற வேண்டிய வெப்பம் சுமார் 5,600 கிலோஜூல், ஒன்றரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். உங்கள் குழாய்த் தண்ணீரே 28 டிகிரிக்குப் பக்கத்தில் வருகிறது. பனிநாட்டுக்காரன் புத்தகத்தில் எழுதியிருக்கிற பத்து டிகிரித் தண்ணீர் உங்களுக்குக் கிடைக்காது.

சுருள் மிகத் திறமையானது, உள்ளே போகிற தண்ணீர் அந்த நொடியில் சாறு இருக்கும் சூட்டை முழுக்க ஏந்திக்கொண்டுதான் வெளியே வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட இலட்சியச் சுருளுக்கே எழுபது லிட்டர் தண்ணீர் வேண்டும். நிஜச் சுருளுக்கு நூறைத் தாண்டும். இந்தக் கணக்குக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. நூறிலிருந்து நாற்பது வரை, அதாவது முதல் அறுபது டிகிரி இறங்கச் சுமார் 35 லிட்டர் போதும். நாற்பதிலிருந்து முப்பதுக்கு, வெறும் பத்து டிகிரி இறங்க, இன்னொரு 35 லிட்டர் போய்விடும். தண்ணீரின் சூடும் சாறின் சூடும் நெருங்க நெருங்க வெப்பம் நகர மறுக்கும். கண்டன்சரில் இதைத்தான் ஆயுள் முழுக்கப் பார்த்தேன். கடைசிச் சில டிகிரிதான் ஆளைக் கொல்லும்.

அதற்கும் கீழே, ஈஸ்ட் விரும்புகிற பதினெட்டு டிகிரிக்கு, எவ்வளவு தண்ணீர் ஓடவிட்டாலும் போக முடியாது. 28 டிகிரித் தண்ணீரால் 28-க்குக் கீழே எதையும் கொண்டுபோக இயலாது. மூன்று கிலோ ஐஸாவது வாங்க வேண்டும், இல்லையென்றால் ஃப்ரிட்ஜ். ஆக, தண்ணீரைக் கொட்டிய பிறகும் வேலை முடியவில்லை. வெப்ப நாட்டில் சுருளை நம்புகிறவர்களின் வாதம் இந்த இடத்தில்தான் சறுக்குகிறது.

நூறு லிட்டர்தானே என்பீர்கள். சிங்கப்பூரில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு வீட்டில் செலவாகும் தண்ணீர் சுமார் 140 லிட்டர். ஒரு பேட்ச் குளிரவைக்க ஏறக்குறைய ஒரு மனிதரின் ஒருநாள் தண்ணீர். உலகம் மூழ்கிவிடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்: மழைநீர்த் தேக்கம், ஜோகூரிலிருந்து வாங்குவது, கழிவுநீரைச் சுத்திகரித்த நியூவாட்டர், கடல்நீரைக் குடிநீராக்குவது. நியூவாட்டரிலேயே பியர் காய்ச்சி, நியூப்ரூ என்று பெயரிட்டு 2022-இல் கடையில் விற்ற ஊர் அது. ஒவ்வொரு சொட்டுக்கும் மின்சாரம் செலவழிக்கும் ஊரில் குடிநீரைச் சுருளில் ஓட்டிச் சாக்கடையில் விடுவது எனக்கு உறுத்துகிறது.

உறுத்துவதற்குக் காரணம் மீஞ்சூர். இங்கே நிலத்துக்கடியில் நல்ல தண்ணீர் இருந்தது. 1960-களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணி, கொசஸ்தலை ஆற்றுப் படுகைகளில் நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. மணலி ஆலைகளுக்கும் சென்னை நகரத்துக்கும் வயலுக்கும் சேர்த்து இறைத்தோம். நன்னீர் மட்டம் இறங்க இறங்க, கடல் தரைக்கடியில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்தது. கிணறுகள் உவர்த்தன, கரையோர ஊர்களில் நெல் போனது. சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-இல் வந்தது. ஆனால் உள்ளே வந்த உப்பு வந்த பாதையில் திரும்பிப் போகவில்லை. இன்று மீஞ்சூரில் குடிக்கக் கேன் தண்ணீர்தான்.

பிறகு 2010-இல் பக்கத்துக் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய அந்தத் தண்ணீர் சென்னைக்கானது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் தரை தட்டிக் கிடந்தபோது நகரம் எதை நம்பியது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அதே ஆண்டு கொடுங்கையூரில் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து வடசென்னை ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் வந்தது. அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி ஆலையில் எதையாவது குளிரவைக்கத்தான் ஓடுகிறது.

குளிர்ச்சியின் மறுபக்கத்தையும் இங்கேதான் பார்க்கலாம். அனல் மின் நிலையத்தில் நிலக்கரியின் சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகும். மிச்சத்தில் பெரும்பகுதியைக் கண்டன்சர் வழியே தண்ணீர் வாங்கிக்கொண்டு போகும். அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையத்தின் சுடுநீர் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்து சேர்கிறது. இறாலும் நண்டும் முன்போல் இல்லை, சுடுதண்ணியும் சாம்பலும்தான் காரணம் என்று அங்கே வலை போடுகிறவர்கள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றைக் குளிரவைப்பது என்றால் இன்னொன்றைச் சூடாக்குவது என்று பொருள். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த படிப்பு இவ்வளவுதான்.

தண்ணீர்ப் பஞ்சத்தில் புத்தி வந்தவர்கள் நாம் மட்டுமல்ல. ஆஸ்திரேலியாவில் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் நீடித்த வறட்சியில், தோட்டக் குழாயைத் திறப்பதற்கே நேரம் குறித்தார்கள். 2007-இல் பிரிஸ்பேன் பகுதியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 140 லிட்டர் என்று இலக்கு வைத்தார்கள். அந்த நாட்டு வீட்டு பியர்க்காரர்கள்தான் கொதிக்கக் கொதிக்க வோர்ட்டைக் கேனில் அடைத்து ஆறவிடும் முறையைப் பரப்பினார்கள். சூடே கேனின் உட்புறத்தைச் சுத்தம் செய்துவிடும், மூடி இறுகியிருந்தால் வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகாது என்பது அவர்கள் கணக்கு. சுண்ணாம்பு செய்த வேலையை அங்கே சூடும் மூடியும் செய்தன.

அதை உங்கள் வீட்டில் எப்படிச் செய்வது என்று மருமகனிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

கேன் கெட்டியான எச்.டி.பி.இ பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண்ணும், உணவுக்கு ஏற்றது என்ற குறியும் இருக்கிறதா பாருங்கள். ஊரில் நாம் குடிதண்ணீர் வாங்குகிற இருபது லிட்டர் கேனைத் தொடவே வேண்டாம். அது பெட் பிளாஸ்டிக்காக இருந்தால் எழுபது டிகிரிக்கு மேல் தளர்ந்து நெளிந்துவிடும். இருபது லிட்டர் கொதிநீர் காலில் கொட்டினால் என்ன ஆகும் என்று ஆலையில் வேலை பார்த்தவனுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுப்பை அணைத்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். கசடு அடியில் படியும், சூடும் தொண்ணூறு பக்கம் வரும். பாத்திரத்தைத் தூக்கிச் சாய்க்காதீர்கள். அடியில் குழாய் வைத்த பாத்திரமாக இருந்தால், சூடு தாங்கும் சிலிகான் டியூபைக் கேனின் அடிவரை விட்டு நுரைக்காமல் இறக்குங்கள். கழுத்து வரை நிரப்புங்கள். பக்கவாட்டில் மெல்ல அழுத்தி மிச்சக் காற்றை வெளியேற்றி மூடியைத் திருகுங்கள். கெட்டியான கையுறை போட்டுக்கொண்டு கேனைச் சில நிமிடம் படுக்கவையுங்கள். மூடியின் உட்புறமும் கைப்பிடியின் பொந்தும் சூடான சாறில் நனைந்தால்தான் அங்கே இருப்பவையும் சாகும். சாறு எண்பதுக்குக் கீழே போன பிறகு கேனில் ஊற்றுவது இந்த முறையே அல்ல.

பிறகு பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் தரையில் வைத்துவிட்டுப் போங்கள். ஆறும்போது கேனின் பக்கங்கள் உள்ளே ஒடுங்கும். மூடி இறுகியிருப்பதற்கு அதுதான் சாட்சி. மறுநாள் தொட்டால் அறைச் சூட்டுக்கு வந்திருக்கும். மாறாகக் கேன் உப்பியிருந்தால் உள்ளே ஏதோ வளர்ந்து வாயு விடுகிறது. முகர்ந்தோ ருசித்தோ பார்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

கொதிக்கிற கேனை நேரே ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டாராம். வைக்காதீர்கள். ஒன்றரை யூனிட் வெப்பத்தையும் அந்தப் பெட்டியின் தலையில் கட்டுவீர்கள். பக்கத்தில் இருக்கிற பால், மீன் எல்லாம் வெதுவெதுப்பாகும். முதல் எழுபது டிகிரியைக் காற்று இலவசமாக வாங்கிக்கொள்ளும். மிச்சப் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு மட்டும் ஃப்ரிட்ஜைக் கேளுங்கள். அது கால் யூனிட் மின்சாரம்கூட ஆகாது.

இப்போது நான் கண்டிப்பாகப் பேசும் இடம். சூடாக அடைத்த கேனை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அலமாரியில் வைத்து, வசதிப்படும்போது ஈஸ்ட் போடலாம் என்று உங்களில் சிலர் சொல்வதாகக் கேள்வி. ஆஸ்திரேலியாவில் அப்படி வைப்பவர்கள் உண்டு என்பதும் உண்மை. நீங்கள் செய்ய வேண்டாம். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் நூறு டிகிரிக் கொதியில் சாவதில்லை. அவற்றைக் கொல்லப் பிரஷர் குக்கரின் 121 டிகிரி வேண்டும். காற்றில்லாத, புளிப்புக் குறைந்த, வெதுவெதுப்பான இடம் அவற்றுக்குப் பிடிக்கும். பி.எச் 4.6-க்கு மேலே இருந்தால் அவை முளைத்து நஞ்சு உண்டாக்க முடியும். வோர்ட்டின் பி.எச் ஐந்துக்கும் ஐந்தரைக்கும் இடையில். காற்றை விரட்டி மூடிய கேன், சிங்கப்பூர் வெயில். அவை கேட்ட எல்லாவற்றையும் நாமே கொடுக்கிறோம்.

ஈஸ்ட் போட்டுப் புளிக்கத் தொடங்கியதும் பி.எச் 4.6-க்குக் கீழே இறங்கிவிடும், அதோடு அந்தப் பயம் விலகும். ஆகவே ஆறியதும் ஈஸ்ட் போடுங்கள், 24 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். திடீரென ஊருக்குக் கிளம்ப வேண்டி வந்தால் சாறைக் கொட்டிவிட்டுப் போங்கள். வேகமாகக் குளிரவைக்கிற கட்சிக்காரர்கள் பயப்படுவதில் நியாயம் உள்ள இடம் இதுதான். அவர்களைக் கேலி செய்யாதீர்கள்.

ருசியைப் பற்றிய அவர்கள் வாதங்களையும் பார்த்துவிடுவோம். முதலாவது டி.எம்.எஸ். மால்ட்டில் இருக்கும் ஒரு பொருள் சூட்டில் டைமெத்தில் சல்ஃபைடாக மாறும். வேகவைத்த மக்காச்சோள வாடை அதனுடையது. திறந்து கொதிக்கும்போது ஆவியில் போய்விடும். மூடிய கேனில் சூடு நீடிக்கும் வரை உண்டாகும், வெளியேற வழியில்லை. வெளிறிய பில்ஸ்னர் மால்ட்டில் இது அதிகம், நன்றாக வறுத்த மால்ட்டில் குறைவு. எனவே பில்ஸ்னர் காய்ச்சுகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் நன்றாகத் தளதளக்கக் கொதிக்கவிடுங்கள், பாத்திரத்தை மூடாதீர்கள்.

இரண்டாவது ஹாப்ஸ். எண்பது டிகிரிக்கு மேலே இருக்கிற வரை ஹாப்ஸின் அமிலங்கள் கசப்பாக மாறிக்கொண்டே இருக்கும். வாசனைக்காகக் கடைசி நிமிடத்தில் போட்டது கேனுக்குள் கிடந்து கசப்பாகிவிடும். நீங்கள் வழக்கமாகக் கொதி முடிய இருபது நிமிடம் இருக்கும்போது போடுவதைக் கேனில் ஊற்றும் நேரத்துக்குத் தள்ளுங்கள். அடுப்பை அணைத்ததும் போடுவதை, புளித்து முடிந்த பிறகு போடுங்கள். இதற்கெல்லாம் பிறகும், ஹாப்ஸ் மணமே உயிரான ஐ.பி.ஏ-வில் சுருள் போட்டுக் காய்ச்சியது ஒரு படி மேலே நிற்கக்கூடும். ஸ்டவுட், போர்ட்டர், கோதுமை பியருக்கு அந்தக் கவலை இல்லை.

மூன்றாவது தெளிவு. சட்டென்று குளிர்ந்தால் புரதம் திரண்டு அடியில் படியும், மெதுவாக ஆறினால் கொஞ்சம் கலங்கலாக நிற்கும். கொதியின் கடைசியில் நீங்கள் போடும் மாத்திரையில் இருப்பது கராஜீனன், கடற்பாசிச் சரக்கு. மண்டபம் பக்கத்துப் பெண்கள் கடலில் மிதவை கட்டி வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசியிலிருந்தும் அதை எடுக்கிறார்கள். அந்த மாத்திரை பாதி வேலையைச் செய்யும். மீதிக் கலங்கல் கண்ணுக்குத்தான், நாக்குக்கு அல்ல.

இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு பாதையும் உண்டு. நார்வேயில் வோஸ் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் தலைமுறையாகக் காப்பாற்றி வந்த குவெய்க் ஈஸ்ட் இப்போது பாக்கெட்டில் கிடைக்கிறது. மற்ற ஈஸ்ட் திணறுகிற 35, 40 டிகிரியில் அது துள்ளி வேலை செய்யும். அதைப் போடுகிறவர்கள் சுருளை நாற்பது டிகிரி வரை மட்டும் ஓட்டி நிறுத்திக்கொள்ளலாம். நான் மேலே போட்ட கணக்குப்படி பாதித் தண்ணீர் மிச்சம். ஐஸ் வேண்டாம், ஃப்ரிட்ஜ் வேண்டாம், இரவு முழுக்கக் காத்திருக்கவும் வேண்டாம். சுருளிலிருந்து வரும் முதல் இரண்டு வாளி நல்ல சூடாக இருக்கும். பாத்திரம் கழுவ எடுத்து வையுங்கள். பனிநாட்டு விவசாயியின் ஈஸ்ட் நம்ம வெயிலுக்குப் பொருந்துகிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் 2004 முதல் சொந்த உபயோகத்துக்கு உரிமம் இல்லாமலே வீட்டில் பியர் காய்ச்சலாம். வயது பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான், விற்கக் கூடாது, வடித்தெடுக்கும் சாராயம் கூடாது. அந்த எல்லைக்குள் நில்லுங்கள். ஊருக்கு வரும்போது இந்த வித்தையை மீஞ்சூரில் காட்டலாம் என்று நினைக்காதீர்கள். இங்கே 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது. அரசு கடை வைத்து விற்கலாம், நீங்கள் உரிமமின்றி வீட்டில் காய்ச்சினால் குற்றம். இது நியாயமா என்று வாதாட இன்னொரு கடிதம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபது பேருக்கு மேல் உயிரை வாங்கியது. அது வேறு சரக்கு, வேறு கதை. ஆனால் வீட்டில் காய்ச்சியது என்று சொன்னாலே இங்கே எல்லோர் முகமும் ஏன் மாறுகிறது என்பது உங்களுக்குப் புரிய வேண்டும்.

கடைசியாக உங்கள் சண்டைக்கு ஒரு வழி. வாயால் பேசித் தீராது. அடுத்த முறை ஒரே பாத்திரத்தில், ஒரே மால்ட், ஒரே ஹாப்ஸ் போட்டு ஒரு ஸ்டவுட் காய்ச்சுங்கள். பாதியைச் சுருள் கட்சி குளிரவைக்கட்டும், பாதியைக் கேன் கட்சி அடைக்கட்டும். ஈஸ்டும் புளிக்கவைக்கும் சூடும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். பாட்டிலில் அடைத்து முதிர்ந்த பிறகு, ஒவ்வொருவர் முன்னும் மூன்று டம்ளர் வையுங்கள். இரண்டில் ஒரே பியர், ஒன்றில் மற்றது. எதில் எது என்பது ஊற்றியவருக்கு மட்டும் தெரிய வேண்டும். தனித்து நிற்கும் டம்ளர் எது என்று சொல்லச் சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். அதைவிடத் தெளிவாகக் கூடுதலானவர்கள் கண்டுபிடித்தால் சுருள் கட்சி ருசிக்காகத் தண்ணீர் செலவழிக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். கண்டுபிடிக்க முடியாவிட்டால், அந்தக் குழாயைத் திறப்பதற்கு அவர்கள் வேறு காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

சுருளில் எத்தனை லிட்டர் ஓடியது என்று வாளி வைத்து அளந்து, முடிவோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள். என் கணக்கு எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மீஞ்சூர் மாமா